கெடுத்துப் பார்க்கும் நாள்

குளிர்காலத்தில் தூண்டில் போட்டிக்கான பயிற்சிக்கென்று ஏரிக்குப் போகிறவர், நிறைய மீன் பிடிக்க வேண்டும் என்ற நினைப்போடு போகக் கூடாது என்பது என் கட்சி. எங்கள் கிளப்பின் மூத்தவர் ஒருவருக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. நான் அதைச் செய்து பார்த்த அன்று அவரும் இரண்டு பெக் தள்ளி உட்கார்ந்திருந்தார். பெக் என்பது கரையில் ஒருவருக்கென்று எண் போட்டு ஒதுக்கிய இடம். சாயங்காலம் சாமான்களை வண்டியில் ஏற்றும்போது, "மீன் வந்து நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெக்கை வேண்டுமென்றே பாழாக்கிவிட்டாயே" என்றார். கோபமில்லை, வருத்தம்தான். நான் பிறப்பதற்கு முன்பே இங்கிலாந்தின் ட்ரென்ட் ஆற்றங்கரைப் போட்டிகளில் உட்கார்ந்தவர் அவர். அப்படிப்பட்டவர் வருத்தப்பட்டால் கேட்டுவிட்டு மறந்துவிட முடிவதில்லை. அவர் சொன்னது சரியா, நான் செய்தது சரியா என்று அன்றிலிருந்து மனம் வாதாடிக்கொண்டே இருக்கிறது. எழுதிப் பார்த்தால் தெளியும் என்று தோன்றியது.

முதலில் களத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில் பண்ணை நிலத்தை வெட்டி, நீர் நிரப்பி, மீன் விட்டு, கட்டணம் வாங்கிக்கொண்டு தூண்டில் போட அனுமதிக்கும் ஏரிகள் ஏராளம். 'கமர்ஷியல்' என்று ஒற்றைச் சொல்லில் சொல்வார்கள். ஒரு தலைமுறைக்கு முன்பு போட்டிகள் பெரும்பாலும் ஆறுகளிலும் கால்வாய்களிலும்தான் நடந்தன. 1990-களில் கூட்டம் இந்த ஏரிகளுக்கு நகர்ந்தது. ஆறுகளில் இன்றும் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தூண்டில் போடத் தடை உண்டு. பெரும்பாலான ஏரி, குளங்களுக்கு அந்தத் தடை 1995-ல் விலகியது. வருடம் முழுக்கப் போட்டி வைக்கலாம் என்றானதும் ஏரி வைத்திருப்பவர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் வசதியாகிவிட்டது.

போட்டியின் விதி எளிது. காலையில் பைக்குள் கைவிட்டு ஒரு எண்ணை எடுக்க வேண்டும். எந்த எண் வருகிறதோ அந்த பெக்கில்தான் ஐந்து மணி நேரமும். பிடித்த மீன் நீருக்குள் தொங்கும் நீண்ட வலைக்குள் உயிரோடு இருக்கும். முடிந்ததும் எடை போட்டுவிட்டு எல்லாவற்றையும் அதே ஏரியில் விட்டுவிடுவார்கள். தூண்டில் முள்ளின் நுனியில் பின்னோக்கிய செதுக்கு இருக்கக் கூடாது. மீனின் வாயைக் கிழிக்காமல் கழற்ற வேண்டும். கெண்டை, ரோச், ஸ்கிம்மர், பெர்ச் எல்லாம் கிடைக்கும் என்றாலும் குளிர்காலத்தில் இந்த ஏரிகளின் உயிர்நாடி எஃப்1 என்கிற மீன். சாதாரணக் கெண்டைக்கும், குரூஷியன் கெண்டை அல்லது தங்கமீனுக்கும் பிறந்த கலப்பினம். குளிரில் கெண்டை வாயை மூடிக்கொண்டாலும் எஃப்1 கொஞ்சமாவது உண்ணும். வாரிக்‌ஷயரின் டனல் பார்ன் ஃபார்ம், வாரிங்டன் பக்கத்து பார்ட்ரிட்ஜ் லேக்ஸ் போன்ற இடங்கள் பேர் வாங்கியதே இந்த மீனால்தான். நான் போன ஏரி அவ்வளவு புகழ் பெற்றதில்லை. ஆனால் அதே வகை: 'ஸ்நேக் லேக்' என்பார்கள், அகலம் குறைந்து நீளமாக வளைந்து போகும் வாய்க்கால். எதிர்க்கரை 13 மீட்டர் தூரம். நீளமான கார்பன் இழைத் தூண்டில் கோலை நீட்டினால் எதிர்க்கரைப் புல்லில் தக்கையை வைத்துவிடலாம். எல்லாருக்கும் எட்டும் தூரத்தில் எதிர்க்கரை இருக்க வேண்டும் என்பதற்காகவே இப்படி வெட்டுகிறார்கள்.

நீர் குளிர்ந்த பிறகு

கோடையில் இந்த ஏரியில் யார் உட்கார்ந்தாலும் மீன் வரும். அது எனக்கு அவ்வளவாக ருசிப்பதில்லை. ஜனவரியில் அதே ஏரி வேறு ஏரி. மீனின் உடம்பு வெளியே இருக்கும் நீரின் வெப்பத்தைத்தான் பின்பற்றுகிறது. நீர் குளிர்ந்தால் உடம்பின் எல்லா வேலையும் மந்தமாகும். கெண்டைக் குடும்பத்து மீன்களுக்குத் தனியாக இரைப்பை கிடையாது. உண்டது நேரே குடலுக்குப் போகிறது, குளிரில் அது நகரவே வெகுநேரம் ஆகிறது. காய்ச்சலில் கிடப்பவன் முன்னால் தலைவாழை இலை போட்டு வகைவகையாகப் பரிமாறினால் அவனுக்குக் குமட்டத்தான் செய்யும். ஒரு வாய் கஞ்சியை ஊட்டினால் குடிப்பான். குளிர்காலத் தீனி முழுக்க இந்தக் கணக்குதான். எவ்வளவு போடுவது என்பதைவிட எப்போது நிறுத்துவது என்பதே கேள்வி.

4 டிகிரி செல்சியஸில் நீர் மிகவும் அடர்த்தியாகும், ஆகவே குளிர்காலத்தில் ஆழத்தில்தான் மீன் இருக்கும் என்று பலரும் சொல்வார்கள். ஆழமான ஏரிகளில் அது சரி. நடுவில் ஐந்தடி ஆழமே உள்ள வாய்க்காலில் ஒரு காற்று அடித்தால் மேலும் கீழும் கலந்துவிடும். அங்கே மீன் தேடுவது வெப்பத்தை அல்ல, ஒதுக்கிடத்தை என்பது என் அனுபவம். நீர் தெளிந்துவிடுகிறது, பாசி இல்லை, இலை இல்லை, நீர்க்காகங்கள் வட்டமிடுகின்றன. மீன்கள் ஒன்றாக நெருங்கிக்கொள்ளும். இருபது பெக்குள்ள ஏரியில் நாலைந்து இடத்தில் குவியலாக நிற்கும், மற்ற இடம் வெறும் தண்ணீர். நிற்பதும் அடியில் என்று இல்லை. பாதி ஆழத்தில் அசையாமல் தொங்கிக்கொண்டிருக்கும். உண்ணத் தேடி வராது. வாய்க்கு முன்னால் ஏதாவது மெதுவாக இறங்கினால் திறக்கும்.

இப்படியிருக்க, பயிற்சி நாளில் கற்றது போட்டி நாளில் எப்படிச் செல்லும்? இங்கேதான் என் வாதம் தொடங்குகிறது. வாரநாளில் ஏரியில் நாலைந்து பேர்தான் இருப்போம். மீன்கள் தாங்கள் விரும்பிய இடத்தில் நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் சீட் பாக்ஸை, அதாவது உட்காரும் சாமான் பெட்டியை, இழுத்துக்கொண்டு வந்து, மேடையில் காலடி பதித்து, கோலை நீட்டி, தீனி போடத் தொடங்கியதும் மீன்கள் ஆள் இல்லாத மூலைக்கும் கடைசி பெக்குக்கும் ஒதுங்கிவிடும். செவ்வாயன்று பதினோராம் பெக்கில் மீன் நின்றது என்ற தகவலுக்கு ஞாயிறன்று மதிப்பே இல்லை. அந்த பெக் எனக்கு வரப்போவதும் இல்லை. மீன் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கப் பயிற்சிக்குப் போகிறேன் என்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பாவம், ஞாயிறு மதியம் வரை அந்த இடத்தையே நினைத்துக்கொண்டு வேறொரு பெக்கில் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த நாள்

அன்று செவ்வாய்க்கிழமை. உறைபனி இரவு முழுக்கப் பெய்திருந்தது. ஏரியின் மூலையில் கண்ணாடித் தாள் கனத்துக்குப் பனிக்கட்டி. நீரின் வெப்பம் 4 டிகிரிக்குச் சற்று மேல். வடகிழக்குக் காற்று எதிர்க்கரை நாணலுக்குப் பின்னாலிருந்து வந்ததால் அந்தக் கரையோரம் மட்டும் நீர் அசையவில்லை. ஆழம் பார்க்கும் குண்டை முள்ளில் மாட்டி வாய்க்கால் முழுக்க அளந்தேன். ஆறு மீட்டரில் ஐந்தடி. பதினொன்றில் சரிவின் அடிவாரம், நாலடி. அதற்கப்பால் மேடேறி நாணலோரம் இரண்டடி. இதற்கு அரைமணி நேரம் எடுத்துக்கொண்டேன். மூத்தவர் அதற்குள் முதல் ரோச்சைப் பிடித்துவிட்டார்.

முதல் ஒன்றரை மணி நேரம் தீனியே போடவில்லை. 'டாபிங்' என்கிற முறை. ரொட்டித் துண்டைத் தட்டையாக்கி, 8 மில்லிமீட்டர் துளைப்பானால் வட்டமாக வெட்டி, முள்ளில் மாட்டி, பாதி ஆழத்தில் தொங்கவிட வேண்டும். வெள்ளை வட்டம் தெளிந்த நீரில் மெதுவாக இறங்கும். ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்து ஒரு மீட்டர் நகர்த்த வேண்டும். எதிர்க்கரை ஓரமாகவே வலமிருந்து இடமாகப் போனேன். விரல் நுனியில் உணர்ச்சியே இல்லை. நாணல் திட்டு ஒன்று நீருக்குள் சாய்ந்திருந்த இடத்தில் தக்கை அமுங்கவில்லை. லேசாகப் பக்கவாட்டில் நகர்ந்தது. சுண்டினேன். கோலுக்குள் ஓடும் எலாஸ்டிக் இழை நுனியிலிருந்து நீண்டு வந்தது. ஒன்றரைப் பவுண்ட் எஃப்1. அதே இடத்தில் இன்னும் மூன்று. பிறகு ஓய்ந்தது. ரொட்டி எப்போதும் இப்படித்தான். பசியுள்ள நாலு மீனைக் கொடுக்கும், மற்றவற்றை உண்ண வைக்காது.

அதற்குப் பிறகு அடிவாரத்துக்கு வந்தேன். இங்கே மேகட்தான் இரை. ஈயின் புழு, கடையில் பைன்ட் (அரை லிட்டருக்குச் சற்று மேல்) கணக்கில் அளந்து கொடுப்பார்கள். கோலின் நுனியில் விரல் பருமன் கிண்ணம் ஒன்றை மாட்டி, ஒவ்வொரு தடவை கோலை நீட்டும்போதும் பத்துப் பன்னிரண்டு புழு. அவ்வளவுதான். தக்கை 0.2 கிராம், முள் 20-ஆம் எண், முள்ளுக்கு மேலே 0.10 மில்லிமீட்டர் நரம்பு. இருபது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு ரோச், அதன்பின் ஒரு எஃப்1. மதியத்துக்குள் ஒழுங்கான தாளம் வந்துவிட்டது: கோலை நீட்டு, புழுவைக் கொட்டு, ஆறேழு நிமிடம் காத்திரு, ஒரு மீன். தக்கையின் சிவப்பு நுனி நிதானமாக, சந்தேகத்துக்கே இடமில்லாமல் மறையும். ஒவ்வொரு மீனுக்கும் முள் கீழுதட்டின் நடுவில் இருந்தது. அடியில் அமைதியாக நின்று உண்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. ஜனவரியில் இப்படி ஒரு பெக் அமைவது பாக்கியம். மூத்தவர் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

மணி ஒன்று. நுனிக் கிண்ணத்தைக் கழற்றினேன். பெரிய கிண்ணத்தை மாட்டி, கால் பைன்ட் மேகட்டை அளந்து நிரப்பினேன். அந்த இடத்துக்கு நேராகக் கோலை நீட்டி, மொத்தத்தையும் கவிழ்த்தேன். மூத்தவருக்கு நீர் சலசலத்தது கேட்டிருக்கிறது. எழுந்தே நின்றுவிட்டார்.

இதை ஏன் செய்தேன் என்று சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் தீனி அதிகமானால் பெக் கெட்டுவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் சொல்வேன். ஆனால் எவ்வளவு என்பது அதிகம்? கெடும்போது முதலில் என்ன தெரியும்? கெட்டது எவ்வளவு நேரத்தில் தேறும்? மீன் ஏரியின் வேறு மூலைக்குப் போய்விடுமா, பக்கத்திலேயே நிற்குமா? இந்தக் கேள்விகளுக்குப் போட்டியில் விடை கிடைக்காது. போட்டியில் யாரும் வேண்டுமென்று கெடுக்க மாட்டார்கள். தெரியாமல் கெடுப்பார்கள், அப்போது காற்றைச் சொல்வார்கள், பக்கத்து ஆளைச் சொல்வார்கள், மேகம் விலகி வெயில் வந்ததைச் சொல்வார்கள். எது காரணம் என்று பிரித்துப் பார்க்க வழியே இருக்காது. எல்லாம் சீராக ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்றை மட்டும் மாற்றினால்தான் அந்த ஒன்று என்ன செய்கிறது என்று தெரியும். அதற்கு ஓடிக்கொண்டிருக்கும் பெக் வேண்டும். வெறும் தண்ணீரைக் கெடுத்து என்ன தெரிந்துகொள்வது?

நோட்டுப் புத்தகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த பத்து நிமிடத்தில் நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். பெக் கெடவில்லை, இன்னும் நன்றாக ஓடியது! தக்கை நின்றதும் அமுங்கியது. ஒரு எஃப்1. மறுபடி நீட்டியதும் உடனே இன்னொன்று. காலையிலிருந்து கிடைக்காத வேகம். போட்டியாக இருந்தால் எவருக்கும் நெஞ்சு படபடத்திருக்கும். 'மீனுக்குப் பசி, இதுவரை குறைவாகத்தான் போட்டிருக்கிறேன்' என்று இன்னொரு கிண்ணம் நிரப்பக் கை போகும். மூன்றாவது தடவை தக்கை சட்டென்று முங்கி உடனே மேலே வந்தது. சுண்டினேன், ஒன்றுமில்லை. நான்காவதிலும் அதேதான். ஐந்தாவதில் மீன் கனமாக இழுத்தது, கரைக்கு வர மறுத்தது. கைவலையில் எடுத்துப் பார்த்தால் முள் வாயில் இல்லை, துடுப்புக்குக் கீழே செதிலில் குத்தியிருந்தது. அதை மெல்லக் கழற்றி விட்டேன். அத்தோடு தக்கை நின்றது. பிறகு அசையவே இல்லை.

நோட்டைப் பார்த்தபோது வரிசை தெளிவாக இருந்தது. முதலில் வேகம். அடுத்து, கொத்து இருந்தும் முள்ளில் மாட்டாத குழப்பம். பின்பு உடம்பில் குத்திய மீன். கடைசியில் வெறுமை. நூற்றுக்கணக்கான புழுக்கள் ஒன்றாக இறங்கும்போது மீன்கள் அடியை விட்டு எழும்பி, விழும் புழுக்களுக்கு நடுவில் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. நரம்பில் உடம்பு உரசுகிறது, தக்கை துள்ளுகிறது. நாம் அதைக் கொத்து என்று நினைக்கிறோம். நாலைந்து வாய் உண்டதும் அவற்றுக்குப் போதும். மீதிப் புழு அடியில் கிடக்கிறது, சேற்றுக்குள் நுழைகிறது. என் முள்ளில் இருப்பது அத்தனை புழுக்களில் ஒன்று. ஜூலையாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் தின்று தீர்த்துவிட்டு இன்னும் கேட்கும். ஜனவரியில் கேட்பதற்கு யாரும் இல்லை.

ஆக, கெடுவதன் முதல் அடையாளம் கொத்து நிற்பது அல்ல. கொத்து கூடுவதுதான். இதை யாராவது வாயால் சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பேன், நம்பியிருக்க மாட்டேன். கண்ணெதிரில், மணிக்கணக்கோடு, நானே உண்டாக்கி நடந்ததால் நம்பினேன்.

இன்னும் ஒன்று பார்க்க வேண்டியிருந்தது. மீன் எங்கே போயிற்று? அடிவாரத்தை அப்படியே விட்டுவிட்டு ரொட்டியை எடுத்தேன். இடப்பக்கம் ஒரு மீட்டர், இரண்டு, மூன்று. நாலாவது மீட்டரில், பாதி ஆழத்தில், தக்கை காலையில் நகர்ந்த மாதிரியே பக்கவாட்டில் நகர்ந்தது. எஃப்1. முள் உதட்டில் சரியாக இருந்தது. இன்னொன்றும் வந்தது. அவை ஏரியை விட்டு எங்கேயும் ஓடவில்லை. தீனியிலிருந்து நாலு மீட்டர் ஒதுங்கி, அடியிலிருந்து எழும்பித் தொங்கிக்கொண்டிருந்தன. நாற்பது நிமிடம் கழித்து அடிவாரத்தில் ஒரு சின்ன ரோச் கொத்தியது. அதற்குக் கால் மணி நேரம் கழித்து எஃப்1 திரும்பின. ரோச்சுகள் மிச்சத்தைப் பொறுக்கித் தீர்த்த பிறகுதான் பெரியவை வந்தன என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல ஒரு நாள் போதாது. வெளிச்சம் மங்கும் வரை பழையபடி பத்துப் பன்னிரண்டு புழுவோடு பிடித்தேன். ஜனவரியில் நாலரை மணிக்கெல்லாம் சூரியன் போய்விடுகிறது.

மூத்தவரின் பக்கம்

அவர் தரப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர் 70-களிலும் 80-களிலும் ட்ரென்ட் ஆற்றில் வளர்ந்தவர். அப்போது அந்த ஆற்றங்கரையில் வரிசையாக அனல்மின் நிலையங்கள். குளிர்விக்க எடுத்த நீரை வெதுவெதுப்பாக ஆற்றிலேயே திருப்பி விடுவார்கள். வெளியே பனி பெய்தாலும் ஆற்றில் ரோச்சுகள் சுறுசுறுப்பாக உண்டன. அந்தக் காலக் குளிர்காலப் போட்டிகளைப் பற்றி அவர் பேசும்போது கண் விரியும். அந்த நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கடைசியாக மிஞ்சியிருந்த ராட்க்ளிஃப்-ஆன்-சோர் 2024 செப்டம்பர் 30-ல் நின்றது, அதோடு பிரிட்டனில் நிலக்கரி மின்சாரமே முடிந்தது. வெதுநீரில் தீனியை அள்ளி வீசி, தாளத்தைப் பிடித்து, கை ஓயாமல் மீன் எடுத்துப் பழகியவர், பிறகு இந்தக் குளிர்ந்த வாய்க்கால்களுக்கு வந்து எல்லாவற்றையும் புதிதாகக் கற்றிருக்கிறார். அறுபது வயதுக்கு மேல் கார்பன் கோலைக் கையில் எடுத்துக் கற்றவர் மேல் எனக்கு இருக்கும் மரியாதை சாதாரணமானதல்ல.

அவர் வாதம் இதுதான். குளிர்காலத்தில் கொத்துகள் அரிது. அரிதாகக் கிடைப்பதை வீணாக்கக் கூடாது. ஒவ்வொரு மீனிலும் கை கற்றுக்கொள்கிறது: எப்போது சுண்டுவது, எலாஸ்டிக்கை எவ்வளவு நீள விடுவது, பதின்மூன்று மீட்டர் கோலை உருளைமேல் பின்னால் தள்ளும்போது நுனி அதிராமல் எப்படி வைத்துக்கொள்வது, விறைத்த விரலால் முள்ளை எப்படிக் கழற்றுவது. அதற்கு மீன் வேண்டும், நிறைய வேண்டும். "ஓடும் பெக்கில் உட்கார்ந்து ஓட்டிப் பழகு. கெட்ட பெக் தானாக வரும், நீ உண்டாக்க வேண்டியதில்லை" என்றார். மீனைப் பற்றியும் ஒன்று சொன்னார். அந்தக் குளிரில் ஒரு மீனுக்கு உடம்பில் முள் குத்தியது தேவையில்லாத துன்பம், அதற்கு நீதான் காரணம் என்றார்.

கடைசிச் சொல் எனக்கு வலித்தது, அதில் நியாயம் இருக்கிறது. பயிற்சியில் நான் வலை கட்டுவதில்லை. பிடித்த உடனே, கையை நனைத்துக்கொண்டு, நீரின் ஓரத்திலேயே விட்டுவிடுவேன். அந்த மீனும் நல்லபடியாக நீந்திப் போயிற்று. ஆனாலும் இனி கொத்து துள்ளத் தொடங்கியதுமே நிறுத்திக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். அடையாளம் தெரிந்த பிறகு கடைசிவரை போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

கை பழகுவது பற்றி அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பழக்கம் கோடையிலும் இலையுதிர்காலத்திலும் கிடைக்கும், அப்போது மீனுக்குக் குறைவில்லை. குளிர்காலத்துக்கு மட்டுமே உரிய வித்தை கையில் இல்லை. போடாமல் இருப்பதில், நகர்வதில், காத்திருப்பதில் இருக்கிறது. அதை ஓடும் பெக்கில் ஓட்டிக்கொண்டே கற்க முடியாது. 'கெட்ட பெக் தானாக வரும்' என்கிறார் அவர். வரும். ஆனால் வரும்போது அது ஏன் கெட்டது என்று யாரும் சொல்லித் தரமாட்டார்கள். ஐந்து மணி நேரத்தில் எந்த நிமிடம் கெட்டது என்பதே தெரியாமல் போய்விடும். நான் உண்டாக்கியதால் எனக்கு நிமிடம் தெரிந்தது.

இங்கே ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். இந்த ஏரிகளில் வாரநாள்களில் பயிற்சி செய்பவர்களைக் கவனித்தால், பெரும்பாலோர் போட்டியைத்தான் தனியாக ஆடுகிறார்கள். ஐந்து மணி நேரம், எல்லாத் தந்திரமும், வீட்டுக்குப் போகும்போது மனதில் ஒரு மொத்த எடை. 'இன்று நாற்பது பவுண்ட்' என்பார்கள். அந்த நாற்பது பவுண்டில் என்ன தெரிந்தது என்று கேட்டால், 'மீன் உண்கிறது' என்பார்கள். அன்று உண்டது, சரி. போட்டியன்று எதிர்ப்படப்போகும் முடிவுகளில் எதை இதன் மூலம் எளிதாக்கினார்கள்? நல்ல நாளைக் கழித்ததில் தவறில்லை, தூண்டிலின் இன்பமே அதுதான். அதைப் பயிற்சி என்று அழைத்துக்கொண்டு ஞாயிறன்று அதை நம்பி உட்காருவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

ஞாயிற்றுக்கிழமை

எனக்கு வந்த எண் எதிர்ப்பக்கக் கரையில். நாணல் இல்லை, காற்று நேரே முகத்தில். செவ்வாயன்று பார்த்த எந்த இடமும் எட்டாது. ரொட்டி முதல் மணியில் ஒரே ஒரு மீன் கொடுத்தது. அடிவாரத்தில் கிண்ணம் கிண்ணமாகப் பத்துப் புழு. இரண்டாம் மணியில் தாளம் வந்தது. பன்னிரண்டரை மணி வாக்கில் கொத்து வேகமானது. இரண்டு மீன் அடுத்தடுத்து. மூன்றாவதில் தக்கை சட்டென்று முங்கி மேலே வந்தது.

கை தானாகப் புழு டப்பாவுக்குப் போயிற்று. அந்த நிமிடத்தில் தீனி போடாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பது அங்கே உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். வலப்பக்கத்து ஆள் மீன் எடுக்கிறார், இடப்பக்கத்து ஆள் கிண்ணம் நிரப்புகிறார். நான் பத்துப் புழுக்களே போட்டு வந்திருந்தேன், அதுவே அன்றைக்கு அதிகமாகிவிட்டிருந்தது. அளவு நாளுக்கு நாள் மாறும், அடையாளம் மாறுவதில்லை. கோலை இழுத்து வைத்துவிட்டு ரொட்டியை மாட்டினேன். இடப்பக்கம் மூன்று மீட்டரில் ஒன்று. பிறகு இன்னும் ஒன்று. கால் மணி நேரம் அடிவாரத்தைத் தொடவே இல்லை. திரும்பி வந்து தீனியே போடாமல் ஒற்றைப் புழுவோடு இறக்கினேன். சிவப்பு நுனி நிதானமாக மறைந்தது. முள் கீழுதட்டின் நடுவில். கடைசி இரண்டு மணி நேரம் ஆறு புழு, காத்திருப்பு, கொத்து தடுமாறினால் உடனே ஒதுங்கல் என்றே போயிற்று.

29 பவுண்ட் 8 அவுன்ஸ். என் பிரிவில் இரண்டாம் இடம். கடைசி பெக்கில் உட்கார்ந்தவர் அதைப் போல இரண்டு மடங்குக்கு அருகில் எடை போட்டு ஏரியை வென்றார்; மீன்கள் ஒதுங்கிய மூலை அவருக்கு வாய்த்திருந்தது, வாய்த்ததை அவர் பிரமாதமாகவும் பயன்படுத்தினார். என் இரண்டு பக்கத்து ஆட்களும் பதினைந்து பவுண்டைத் தாண்டவில்லை. இருவருமே மதியம் வரை எனக்கு முன்னால் இருந்தவர்கள். இதை வைத்து என் கட்சி வென்றது என்று சொல்ல மாட்டேன், ஒரு போட்டி எதையும் நிரூபிக்காது. ஆனால் பன்னிரண்டரை மணிக்கு என் கையை நிறுத்தியது செவ்வாய்க்கிழமை எழுதிய நோட்டு.

மூத்தவரிடம் நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நீ சும்மாவே நிறுத்தியிருப்பாய், உனக்குப் பொறுமை உண்டு" என்றார். இல்லை என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நானும் விடவில்லை.

அடுத்து பெல்லட்டில், அதாவது அழுத்திச் செய்த மீன் தீவன உருண்டையில், இதையே செய்து பார்க்க வேண்டும். மேகட் நெளியும், சேற்றுக்குள் ஒளியும், விழும்போது மீனை மேலே இழுக்கும். கடினமான 4 மில்லிமீட்டர் பெல்லட் நேரே அடிக்குப் போய்க் கிடக்கும், மீனை எழுப்பாது. அப்படியானால் அந்தப் பத்து நிமிடப் பொய் வேகம் பெல்லட்டில் வரவே வராது. எச்சரிக்கையே இல்லாமல் பெக் நேரடியாக நின்றுபோகும் என்பது என் ஊகம். சரியாக இருந்தால் குளிரில் மேகட்டைவிட பெல்லட் ஆபத்தான தீனி, ஏனென்றால் அது எதையும் முன்கூட்டிச் சொல்லாது. அதற்கு முதலில் ஓடுகிற பெக் ஒன்று அமைய வேண்டும், நீர் 4, 5 டிகிரியிலேயே இருக்க வேண்டும். பிப்ரவரி நடுவுக்குள் முடித்துவிட்டால் நல்லது. அதற்கு மேல் பகல் நீண்டு நீர் சூடேறத் தொடங்கும், கணக்கு மாறிவிடும்.